ஒன்பது கட்டங்களும் ஓர் உடைந்த கண்ணாடியும்

அவைக்கும் என் கோபத்துக்கும் சேர்த்தே காவல் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முகம் இறுகி அமர்ந்திருக்கும் மருத்துவமனை நிர்வாகப் பெருமக்களே! உயிர்காக்கும் செவிலித் தாய்மார்களே! தள்ளுவண்டி தள்ளித் தோள் தேய்ந்த தோழர்களே! கல்லூரியில் கணினிக் கோட்பாடு கற்பிக்கும் என்னிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டீர்கள், இனி அனுபவியுங்கள்.

நடந்தது என்ன? அறுவை அரங்குக்குப் போகும் நடையில் இரண்டு கதவுகள். தூசி புகாதிருக்க, ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காது. சென்ற வாரம் நம் செவிலித் தங்கை, மூச்சுத் திணறிய பெரியவர் ஒருவரை அந்த நடைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். பின்கதவு மூடியது. முன்கதவின் பொத்தானை அழுத்தினார். அதே நொடியில், வெளியே வேறொருவர் பின்கதவின் பொத்தானை அழுத்தினார். இரண்டு கதவுமே திறக்கவில்லை! தீயணைப்பு உருளையால் கண்ணாடியை உடைத்து, கையை விட்டுத் தாழை நீக்கினார் தங்கை. பெரியவர் பிழைத்தார். பரிசு என்ன தெரியுமா? 'பொருளைச் சேதப்படுத்தினார்' என்று பணிநீக்கக் கடிதம்! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமா ஐயா?

கதவில் குறையில்லை என்று சான்றெழுத நிர்வாகத்தார் என்னை அழைத்தார்கள். நான் கையெழுத்திட்டால் அந்தத் தங்கைக்கு வேலை இல்லை. மருத்துவமனை மேலாளரைக் கேட்டேன்.

"எப்படிச் சோதிச்சீங்க?"

"பத்தாயிரம் தடவை, மேடம்! ஒரு தடவைகூடச் சிக்கல."

"எத்தனை பேர்?"

"ஒரே ஆள்தான். ரொம்ப நம்பிக்கையான ஆள். இந்தப் பொத்தானை அழுத்திட்டு, நடந்துபோய் அந்தப் பொத்தானை அழுத்துவார்."

அடடா! ஒரே ஆள் இரண்டு பொத்தானை ஒரே நொடியில் அழுத்த, அவருக்குக் கை என்ன இருபது அடி நீளமா? பத்துக் கோடி முறை நடந்தாலும் தேய்வது செருப்புதானே! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை பாருங்கள்.

இந்தக் கதவு தண்ணீரைப் போல ஒழுகி ஓடுவதன்று. படிக்கட்டைப் போல நிலைக்கு நிலை தாவுவது. படிகளை எண்ணலாம்! ஒரு கதவுக்கு மூன்றே நிலைகள்: மூடியிருக்கும், திறந்திருக்கும், மற்றது மூடட்டும் என்று காத்திருக்கும். இரண்டு கதவுக்கு மும்மூன்று ஒன்பது. நாட்காட்டித் தாளின் பின்புறம் ஒன்பது கட்டம் போட்டேன். எதிலிருந்து எதற்குப் போகலாம் என்று அம்பு வரைந்தேன். ஆறு நிமிடம்! இரண்டும் காத்திருக்கும் கட்டத்துக்குள் போக அம்பு உண்டு, வெளியேற அம்பு இல்லை; காத்திருக்கும் கதவு, மற்றதன் கணக்கில் மூடிய கதவு அன்று. 'நீ முதலில்' என்று அதுவும், 'நீ முதலில்' என்று இதுவும் யுகம் யுகமாய் நிற்கும். பத்தாயிரம் முறை நடந்தவர்களுக்கு ஒன்பது வரை எண்ணத் துப்பில்லை! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; இவர்களோ செவிலி கோணல் என்கிறார்கள்.

என்ன அங்கே முணுமுணுப்பு? "அபூர்வமாத்தான் நடக்கும்" என்கிறாரா மேலாளர்? ஐயா, வழி இருந்தால் ஒருநாள் வந்தே தீரும். வந்த அன்று உள்ளே கிடந்தவர் யாரோ ஒருவரின் அப்பா.

ஆகவே மேலாளர் அவர்களே, சான்றிதழ் இதோ என் கையில், பேனாவும் இதோ. நாளைக் காலை பத்து மணிக்கு உள்ளே நீங்கள் நில்லுங்கள். உங்கள் பொத்தானை நீங்கள் அழுத்துங்கள், அதே நொடியில் வெளியே என் பொத்தானை நான் அழுத்துகிறேன். கதவு திறந்தால் அங்கேயே கையெழுத்திடுகிறேன். திறக்காவிட்டால் பதற வேண்டாம். கண்ணாடியை உடைத்து உங்களை வெளியே கொண்டுவரத் தெரிந்த ஒருவர் இந்த ஊழியர்களிடையே இருக்கிறார். அவரை வேலையில் வைத்திருக்கிறீர்களா என்பதை மட்டும் இப்போதே, இந்த அவையில் சொல்லிவிடுங்கள்!

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி, பொறுக்காமல் உடைத்த தங்கைக்கு என் வணக்கம்!