மூணாவது நாள் வீடியோ

இருக்கு தம்பி, அந்த வீடியோ என்கிட்டதான் இருக்கு. மொதல்ல உக்காருங்க. கே.எல்.லேர்ந்து வளைஞ்சி வளைஞ்சி ஏறி வந்திருக்கீங்க, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கு. இந்தாங்க, மைலோ. ஷர்வின்தான உங்க பேரு? ரூபனோட பேண்டுக்கு இப்ப எல்லாம் நீங்கதான் பாத்துக்கிறீங்கன்னு போன்ல சொன்னீங்க.

ரூபன் பாடின மூணு நாளும் போனேன் தம்பி. ஏழு வருஷமாச்சு. எங்க எஸ்டேட் டேவான்ல, தேயிலை பேக்டரிக்குப் பக்கத்துல இருக்கே, அந்த மண்டபந்தான். மொத நாள் நாப்பது பேருதான். எஸ்டேட் கணக்குப் பாக்குற கிராணியோட மகன் ரூபன் பாடுறான், வராட்டி நாளைக்கு வேலையில கிராணி மொறைப்பாரேன்னு வந்ததுங்கதான் பாதி. ரெண்டாவது நாள் கியா பார்ம்லேர்ந்து லோரி லோரியா வந்து எறங்கினாங்க. பனி உள்ளாரயே வந்துடும். டிரம் அடிக்கிற பையன் குளிருக்குக் கையில சாக்ஸ் மாட்டிக்கிட்டு அடிச்சான். ரூபன் கித்தார ஒரு இழு இழுத்தான்னா தகரக் கூரை அதிரும். பொய் சொல்லக் கூடாது லா, நல்லாத்தான் பாடினான். நான் கான்வென்ட்ல கொயர் பாடினவ, எனக்குத் தெரியாதா.

ஆமா, எல்லாரும் மூணாவது நாளத்தான் இன்னும் பேசுறாங்க. கரண்டு போச்சு, ரூபன் மைக் இல்லாம இருட்டுல பாடினான், பாதிப் பாட்டுல வெளிச்சம் வந்துச்சு, சாமி வந்த மாதிரி இருந்துச்சுன்னு. அந்த டேவான்ல எரநூறு பேரு நின்னாலே மூச்சு முட்டும். பேஸ்புக் குரூப்புல பாத்தா ரெண்டாயிரம் பேரு நானும் இருந்தேன்னு எழுதுறாங்க.

அந்த வெளிச்சம் எப்டி வந்துச்சுன்னு யாராச்சும் உங்களுக்குச் சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க.

என் வீட்டுக்காரரு மகேன் அப்ப பேக்டரில ஜெனரேட்டர் பாத்துக்கிட்டு இருந்தாரு. பறிச்ச கொழுந்த நீட்டத் தொட்டியில பரப்பி, அடியில காத்தாடி ஓட விடணும். நின்னுச்சுன்னா கொழுந்து சூடேறி செவந்துடும், அப்பறம் குப்பைதான். கரண்டு போனா ஜெனரேட்டர் அந்தக் காத்தாடிக்கு மட்டுந்தான். டேவானையும் சேத்து இழுக்காது.

நான் மேடைப் பக்கத்துப் பின்கதவுகிட்ட போனைத் தூக்கிப் புடிச்சி வீடியோ எடுத்துக்கிட்டு நிக்கிறேன். ரூபன கிட்டத்துல எடுக்கணும்னு ஆசை, அப்ப நானும் ரசிகைதான. இருட்டானதும் இவரு என்னைத் தேடி ஓடி வந்தாரு. ரூபனும் மேடைய விட்டு எறங்கி வந்தான். மகேன் அண்ணே, காத்தாடி லைன இங்க திருப்பி விடுங்க, அர மணி நேரந்தான், எது வந்தாலும் எங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்னான். இவரு முடியாதுன்னாரு. கையப் புடிச்சிக் கெஞ்சினான். நான் வேற, குடுங்களேன், பாவம்னேன். ஆமா தம்பி, நானுந்தான் சொன்னேன். அதுவும் அந்த வீடியோல இருக்கு.

இவரு போனாரு, அவன் மேடைக்கு ஏறி இருட்டுலயே பாட ஆரம்பிச்சான். வெளிச்சம் வந்துச்சு. அர மணி நேரம் ரெண்டு மணி நேரமாச்சு. இன்னொரு பாட்டு இன்னொரு பாட்டுன்னு தொண்ட கிழியக் கத்தினதுல நானும் ஒருத்தி. நாலு தொட்டிக் கொழுந்து போச்சு.

மறுநாள் காலையில பெரட்டு. வேலைக்குப் போறவங்கள நிக்க வச்சிப் பேரு வாசிப்பாங்களே, அது. ரூபனோட அப்பா தங்கராஜு கிராணி இவரு பேர விட்டுட்டு வாசிச்சாரு. மூணு நாள் அப்டியே. போயி நிப்பாரு, பேரு வராது, திரும்பி வருவாரு. குடிச்சிட்டுத் தூங்கிட்டான், காத்தாடி நின்னு போச்சுன்னு கிராணி துரைக்கு எழுதிக் குடுத்துட்டாரு. இவரு பீரு மோந்துகூடப் பாத்ததில்ல. ரூபன் அவங்கப்பா பக்கத்துலதான் நின்னான். வாயத் தொறக்கல. தரையப் பாத்துக்கிட்டு நின்னான்.

வேல போனா எஸ்டேட் குடுத்த லயத்து வீடும் போச்சு. எனக்கு அப்ப மூணு மாசம். கம்போங் ராஜாவுல இந்தக் கடை மாடிக்கு வந்தோம், இவரு காய்கறி லோரி ஓட்டுறாரு. எந்த பேக்டரிக்கு வேல கேட்டுப் போனாலும் அந்தக் கடுதாசி இவருக்கு முன்னாடி போயி நிக்குது. போன மாசங்கூட அப்டித்தான். பள்ளிக்கூடத்துல என் மகள ஒருத்தி குடிகாரன் மகளேன்னு கூப்பிட்டிருக்கா. ஆறு வயசு தம்பி அதுக்கு. வீட்டுக்கு வந்து அப்படின்னா என்னம்மான்னு கேக்குது.

பயமா? இருக்கு. கிராணிக்கு ஆளுங்க இருக்காங்க. நேத்து மூணு தடவ எந்திரிச்சிக் கதவ இழுத்துப் பாத்தேன். பயந்துதான ஏழு வருஷம் இத வெளிய எடுக்கல. ஆனா சனிக்கிழம அதே டேவான்ல திரும்பப் பாடுறான், பாடியே வெளிச்சம் வர வச்சவன்னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கீங்க. அத லோரி ஓட்டிக்கிட்டே பாத்துட்டு வந்தவரு அன்னைக்குச் சோறு திங்கல.

பாட்டு மட்டும் போதும், முன்னாடி வர்ற பேச்ச வெட்டிடலாம்ங்கிறீங்க. அத ரூபன் சொல்லி அனுப்பினானா?

ம். அப்ப அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியாம இருந்துச்சு.

வெட்ட முடியாது தம்பி. நீங்க கீழ கார நிறுத்திக்கிட்டு இருந்தப்பவே முழுசா குரூப்புல போட்டுட்டேன். அவன் கெஞ்சினது, நான் சொன்னது, எல்லாத்தோடயும். சனிக்கிழம பாடட்டும், வேணாம்னு சொல்லல. எல்லாரும் இத முழுசாக் கேட்டுட்டு வந்து அவன் பாட்டக் கேக்கட்டும்.

உங்க போன் அடிக்குது பாருங்க. அவன்தான? எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க லா, இவரு இன்னைக்கு லோரி எடுக்கல, உள் ரூம்லதான் உக்காந்திருக்காரு.