களத்துப் பாறையில் அடித்த ஆணி

என் பெயர் மாதம்மாள், வயது 43, கணவர் பெயர் கருப்பண்ணன். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை எடப்புளி நாட்டில் குடியிருந்து சொந்தக் காட்டில் சாமையும் மரவள்ளியும் பயிர் செய்து வருகிறேன். ஆணியைப் பிடுங்கியது நானா என்று ஸ்டேஷனில் கேட்கிறார்கள். நான்தான். ஏன் என்று யாரும் கேட்காததால் அதையும் சொல்கிறேன்.

2001ஆம் வருடம் வைகாசியில், பூமி நகர்வதைச் செயற்கைக்கோள் மூலம் அளக்க வந்திருப்பதாகச் சொல்லி ஜீவானந்தம் என்ற இன்ஜினியர், எங்கள் களத்துப் பாறையில் துளை போட்டு இரும்பு ஆணி பதித்தார். செருப்புக் காலோடு நாங்கள் மிதிக்காத களம் அது. கேட்டதற்கு, "சும்மா கெடக்குற பாறைதானேம்மா" என்றார். அறுப்பில்லாத வைகாசியில் எந்தக் களம்தான் சும்மா கிடக்காது? அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை வந்து ஆணிமேல் கருவியை நிறுத்தி அளந்துவிட்டுப் போனார். ஆணி விரல் உயரம் நீட்டிக்கொண்டிருந்ததால், மாடு மிதிக்காமல் இருக்கச் சுற்றிலும் கல் அடுக்கினோம். போன தடவை வந்தபோது, கல் பட்டு ஆணி மயிரிழை அசைந்தாலும் கணக்கெல்லாம் வீண் என்று கல்லை எடுத்து எறிந்தார். இனி வைத்தால் போலீசுக்குப் போவேன் என்றார். பயந்துகொண்டு வைக்கவில்லை.

வேறு களம் எங்களுக்குக் கிடையாது. இந்தத் தை மாதம் பாறையைச் சாணி போட்டு மெழுகி, சாமைத் தாளைப் பரப்பி, இரண்டு மாடுகளையும் பிணைத்துச் சுற்றவிட்டோம். தாளுக்குள் மறைந்த ஆணியில் ஒரு மாட்டின் குளம்பு சிக்கியது, கூட்டு மாடு இழுத்ததில் விழுந்து முன்னங்கால் ஒடிந்தது. நாங்கள் அதைத் தூக்கப் போராடிக்கொண்டிருந்தபோது இன்ஜினியர் அந்த வருட அளவெடுக்க ஜீப்பில் வந்தார். கத்திக்கொண்டிருந்த மாட்டைத் தாண்டிப் போய், தாளை விலக்கி, ஆணியைத் தொட்டுப் பார்த்து, "நல்லவேளை, ஆடலை" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "ஏனுங்க, கண்ணு அவிஞ்சு போச்சுங்களா? பூமி நகருதான்னு பாக்க வந்தீங்க. வாயில்லாச் சீவன் நகர மாட்டாமக் கெடக்குதே, அது தெரியலீங்களா?" என்று கேட்டேன். "அரசாங்க வேலையத் தடுக்காதீங்கம்மா" என்றார். அதன் பிறகு கடப்பாரையை எடுத்து வந்து, ஆணியைப் பாறைச் சில்லோடு பெயர்த்து அவர் காலடியில் போட்டேன். இத்தனை வருட வேலை போச்சே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை.

மாடு நேற்றுச் செத்துப்போனது. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு உழவும் முடியாது. மறுபடி ஆணி அடிக்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தால் வழக்கில்லாமல் விட்டுவிடலாம் என்கிறார் ஏட்டையா. அடித்தால் மறுபடியும் பிடுங்குவேன். இதை எழுத அவர் தயங்கினார். எழுதாவிட்டால் ரேகை வைக்க மாட்டேன் என்று சொன்ன பிறகு எழுதினார்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(இடது பெருவிரல் ரேகை)
மாதம்மாள்