மண்ணாங்கட்டி பேர்ல ஒரு கட்டடம்

— படம் தரமாட்டேன்னு சொல்லிட்டேன், சார். இன்னும் எதுக்கு உக்காந்திருக்கீங்க?

— அதாவதும்மா, நீங்க கோபத்துல பேசறீங்க. உங்க வீட்டுக்காரர் எங்க ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச பிள்ளை. பள்ளிக்கூடத்துல புதுசா விவசாயக் கூடம் ஒண்ணு கட்டியிருக்கோம். அதுக்கு அவர் பேர வைக்கறோம். வாசல்ல மாட்ட ஒரு படம் வேணும், அவ்வளவுதான். பிரின்சிபால் நானே நேர்ல வந்திருக்கேன்.

— நானே வந்திருக்கேன்னா என்ன அர்த்தம்? டிராக்டர் புரண்டு அவரு செத்த அன்னைக்கு எங்க போனீங்க? முன்ன பின்ன தெரியாதவங்க எல்லாம் லாரி பிடிச்சு வந்து நின்னாங்க. உங்க பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒரு ஈ காக்கா வரல.

— பரீட்சை நேரம்மா அது.

— ஓகோ. பேப்பர்ல அவரப் பத்திப் பெருசா போட்டதும் பரீட்சை முடிஞ்சு போச்சாக்கும்.

— அப்படிச் சொல்லாதீங்க. உப்பு பூத்துப்போன நிலம் இது. வாங்கினவங்க எல்லாம் தலையில அடிச்சுக்கிட்டு விட்டுட்டுப் போனது. அதுல இவர் வெள்ளாமை எடுத்துக் காட்டினார். எங்க பள்ளிக்கூடம் உருவாக்கின பிள்ளைன்னு சொல்லிக்க எங்களுக்குப் பெருமை இருக்காதா?

— உருவாக்கினீங்களா? சரி, எப்படி உருவாக்கினீங்கன்னு கேட்டுக்கங்க. எங்க மாமனாருக்கு ஆபீஸ்ல கிளார்க் வேலை. தன்னைவிடப் பெரிய நாற்காலியில பையன் உக்காரணும்னு அவருக்கு ஆசை. எட்டு வயசுல கொண்டாந்து உங்ககிட்ட விட்டுட்டுப் போனாரு. பயத்துல பையன் படுக்கைய நனைச்சிட்டான். நீங்க என்ன பண்ணீங்க? அந்த ஈரப் போர்வைய அவன் தலையில போட்டு, சாப்பாட்டு ஹால் வாசல்ல நிக்க வச்சீங்க. சாப்பிடப் போற பிள்ளைங்க எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு அவனத் தாண்டிப் போச்சு.

— அது... அப்ப நான் வார்டன். சின்ன வயசு எனக்கு. அந்தக் காலத்துல எல்லா ஹாஸ்டல்லயும் அப்படித்தாம்மா இருந்தது.

— எல்லா ஹாஸ்டல் கதையும் எனக்கு எதுக்கு? எங்க வீட்டுக்காரருக்கு வாய்ச்சது நீங்கதானே.

— இதெல்லாம் அவர் உங்ககிட்ட சொன்னாரா?

— பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னாரு. எனக்கு ஒரு பட்டப்பேரு இருக்கு, பின்னால யாராவது கூப்பிட்டா சங்கடப்படாதேன்னு. மண்ணாங்கட்டி. அந்தப் பேர வச்சது யாரு சார்?

— பாருங்கம்மா, பிள்ளைங்களுக்கு ஆளுக்கொரு பேரு வச்சுக் கூப்பிடறது பழக்கம். பிரியமா வைக்கறதுதான்.

— பிரியமா? கணக்கு வரலைன்னு சாயங்காலம் எல்லாப் பிள்ளையும் விளையாடப் போறப்ப, மண்ணாங்கட்டி, உனக்குப் பந்து எதுக்கு, போய் மண்ணக் கிளறுன்னு சமையல்கட்டுக்குப் பின்னால விரட்டினீங்களே, அதுதான் பிரியமா?

— ஒரு விதத்துல யோசிச்சுப் பாருங்க. அந்த மண்ணுதானே அவரை இந்த நிலைக்குக் கொண்டு வந்தது? நான் அன்னைக்கு அங்க அனுப்பாம இருந்திருந்தா...

— போதும், நிறுத்துங்க. அதையும் உங்க கணக்குல எழுதிக்காதீங்க. நீங்க தண்டனையாத்தான் குடுத்தீங்க. அவருக்கு அது பிடிச்சுப் போச்சு, அது உங்களுக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா அதையும் பிடுங்கியிருப்பீங்க. அவரே சொல்லுவாரு. சமையல்கட்டுச் சுவத்துல பீன்ஸ் கொடி ஏறினதப் பாத்து உள்ளுக்குள்ள அவ்வளவு சந்தோஷமாம். உங்க செருப்புச் சத்தம் கேட்டா மட்டும் மூஞ்சிய அழற மாதிரி வச்சுக்குவாராம். சிரிச்சா வேற வேலைக்கு மாத்திருவாங்கன்னு பயம்.

— ...எனக்குத் தெரியாதும்மா.

— எப்படித் தெரியும்? அந்த மூட்டைமேல கை வைக்காதீங்க. விதை அது. அவரு கையால எடுத்து வச்சது.

— மன்னிச்சுக்கங்க. நான் ஒண்ணு சொல்லலாமா? திட்டறதுன்னா அப்புறம் திட்டுங்க. என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் விவசாயக் குடும்பம். பையனக் கொண்டு வந்து விட்டுட்டு, கைய எடுத்துக் கும்பிட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொல்வாங்க. சார், இவன் எங்கள மாதிரி ஆயிடக் கூடாது. நான் என்ன பண்ணுவேன்? மிரட்டித்தான் படிக்க வைக்கணும். ஆயிரம் பிள்ளைங்க இருக்கிற இடம். எது யாரு வீட்டுப் பிள்ளை, எதுக்கு என்ன மனசுன்னு பாத்துப் பாத்துப் பேச முடியுமா?

— எங்கள மாதிரி ஆக வேணாம்னுதானே சொன்னாங்க. எங்களக் கேவலமா பேசச் சொல்லிக் கேட்டாங்களா?

— நான் எப்பம்மா விவசாயியக் கேவலமா பேசினேன்?

— உங்களுக்கு நிஜமாவே ஞாபகம் இல்லையா, இல்ல நடிக்கறீங்களா? ஆறு வருஷம் முன்னாடி, உங்க ஸ்கூல் பஸ்ஸு. அணை பாக்கப் போறோம்னு பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு இந்த வழியா வந்தீங்க. எங்க வயலுக்கு நேரா நிறுத்தச் சொன்னீங்க.

— ...ஆமா. நிறுத்தினோம்.

— முழங்கால் அளவு சேத்துல நின்னு மடை திருப்பிக்கிட்டு இருந்தாரு. நீங்க பிள்ளைங்கள எல்லாம் கீழ இறக்கி வரிசையா நிக்க வச்சீங்க. அப்புறம் கைய நீட்டிக் காட்டி என்ன சொன்னீங்க?

— வேணாம்மா.

— நானே சொல்றேன். இவனும் நம்ம ஸ்கூல்தான். நம்ம ஹாஸ்டல் சோறுதான். கணக்கு வரல, சொன்ன பேச்சு கேக்கல. இப்ப எங்க நிக்கறான் பாத்துக்கங்க. அடுத்த பரீட்சைக்குப் படிக்காதவன் எல்லாம் இவன் பக்கத்துல வந்து நிக்கலாம், இடம் நிறைய இருக்கு. சரியா சொல்றேனா, சார்?

— நீங்க அங்க இருந்தீங்களா?

— மோட்டார் ரூம் பக்கத்துல நின்னேன். கூலிக்கு வந்த பொம்பளைன்னு நினைச்சிருப்பீங்க. வேகமா வந்தேன், நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கலாம்னு. அவரு என் கையப் பிடிச்சு நிறுத்திட்டாரு. பேசாத, பிள்ளைங்க வெயில்ல நிக்குது, வெள்ளரிக்காய் பறிச்சது இருக்கே, அந்தக் கூடைய எடுத்துட்டு வான்னாரு. சேத்தக் கழுவிட்டு வந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரே எடுத்துக் குடுத்தாரு. கூடையப் பிடிச்சுக்கிட்டு நான் பக்கத்துல நின்னேன். உங்களுக்கும் ஒண்ணு குடுத்தாரு. வாங்கித் தின்னீங்க.

— தின்னேன்.

— எப்படிச் சார் இறங்குச்சு?

— நான் சொன்னது தப்புதாம்மா. ஒத்துக்கறேன். ஆனா பிள்ளைங்கமேல கோபப்படாதீங்க. என்னை மாதிரி இல்ல அவங்க. ஒருத்தர்கூட சிரிக்கல, கேலி பண்ணல. எனக்கு நல்லா நினைப்பிருக்கு. மரியாதையா வரிசையில வந்து வாங்கிக்கிட்டாங்க.

— ஆமா. வாங்கிக்கிட்டாங்க. கடைசியா ஒரு பொண்ணு வந்துச்சு. தலைய நிமிரவே இல்ல. அவரு குடுத்தத ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டு, தேங்க்யூ அங்கிள்னு சொன்னா. அப்புறம் என் பக்கம் திரும்பி, தேங்க்யூ ஆன்ட்டின்னு எனக்கும் ஒண்ணு சொல்லிட்டு ஓடிப் போயி பஸ்ஸுல ஏறிக்கிட்டா.

— பாத்தீங்களா? அதத்தான் நானும் சொல்றேன். மரியாதை தெரிஞ்ச பிள்ளை. யாரு வீட்டுப் பொண்ணோ.

— எங்க மக, சார்.