ஒட்டுத் தெரியாத தரை

தரை போடுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பசவராஜ் சார். பொறுமை இருந்தால் போதும். நான் தமிழிலேயே சொல்கிறேன், உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் கன்னடத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

காலமெல்லாம் பெங்களூரில் ஆபீஸ் நாற்காலியைத் தேய்த்தவன் நான். ரிட்டயர் ஆகி, மைசூர் பன்னிமண்டபத்தில் இருக்கும் அப்பாவின் வீட்டுக்குத் திரும்பியபோது கொத்தனார் கரணையை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. வீடு பார்க்கச் சகிக்கவில்லை. ஓட்டில் செடி முளைத்திருந்தது. பின்பக்கம் இடுப்பு உயரத்துக்குப் பார்த்தீனியம். அந்த வீட்டில் என் அக்கா செலின் தனியாக, சந்தோஷமாகக் குடியிருந்தாள். நர்ஸாக இருந்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தான். அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

ஆள் வைக்கவில்லை. யூடியூபைப் பார்த்து எல்லாம் நானே செய்தேன். களை பிடுங்கினேன், ஓடு மாற்றினேன், சுவருக்குப் பட்டி பூசினேன். கோணல்மாணலாகத்தான் வந்தது. ஆனாலும் வாழ்க்கையில் முதல் தடவையாக என் கையால் ஏதோ ஒன்று உருவானது. பூப்பாத்தி கட்டச் செங்கல் போதவில்லை என்று பின்பக்கக் கிணற்றின் கைப்பிடிச் சுவரை இடித்து எடுத்துக்கொண்டேன். தூர்ந்துபோன கிணறு, அடியில் முழங்கால் அளவு தண்ணீர். பிறகு ஸ்லாப் போடலாம் என்று, ஒரு பழைய தகரத்தை இழுத்து மூடி வைத்தேன். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் செய்கிற தவறுதான்.

ஹாலுக்கு ரெட் ஆக்சைடு. சிமெண்டில் சிவப்புப் பொடி கலந்து, ஒரே மூச்சில் இழுத்து மெழுக வேண்டும். நடுவில் எழுந்து போனால் ஒட்டுத் தெரியும். அது ஜென்மத்துக்கும் போகாது. முதல் தடவை மெழுகி முடித்து ஈரம் காய்வதற்குள், அக்கா காப்பி டம்ளரோடு அதன்மேலேயே நடந்து வந்துவிட்டாள்.

"அய்யோ, ஈரமா இருக்கா? போகட்டும் விடு கொர்னி, நம்ம வீடுதானே" என்று சிரித்தாள்.

நான் கத்தவில்லை. கோபம் வந்தது, அதை மறைக்க மாட்டேன். முழுத் தரையையும் கொத்தி எடுத்துக் கிணற்றுப் பக்கம் குவித்தேன்.

இரண்டாம் தடவை கலவையைக் கொட்டும் முன்பே சொல்லிவிட்டேன். "ஹால் வழியா வராதேக்கா. பின்பக்கமா சுத்திப் போ."

"ஆகட்டும் மேஸ்திரி" என்றாள்.

சொன்னபடிதான் போனாள். தகரம் சரியும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் குரல். "கொர்னி, கால் போச்சுடா. ஏணி எடுத்துட்டு வா." பதற்றமே இல்லை, நர்ஸ் அல்லவா. ஏணி வாசல் சுவரில் சாய்ந்திருந்தது, கை நீட்டினால் எட்டும். ஹாலில் பாதி முடிந்திருந்தது. பேசுகிறாள் என்றால் உயிருக்கு ஒன்றும் இல்லை, முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். மறுபடி மறுபடி கூப்பிட்டாள். ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

மெழுகி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. தரை அருமையாக வந்திருந்தது. கை கழுவிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முனகல் இருந்தது. தூக்கியிருக்கலாம். ஆனால் கண் திறந்ததும், ஏன்டா இவ்வளவு நேரம் என்று கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, சார். கொத்திக் குவித்த பழைய தரை பக்கத்திலேயே கிடந்தது. அவள் கால் பதிந்த துண்டுகளும் அதில்தான் இருந்தன. முதல் கூடையைக் கொட்டும்போதும் முனகல் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஹனூர் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்துக்கு ஊழியம் செய்யப் போயிருக்கிறாள், அங்கே போன் எடுக்காது என்று எல்லோரிடமும் சொன்னேன். அவள் போகக்கூடியவள்தான். என் மகள் நிம்மிகூட நம்பினாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. அப்பா, அம்மா பெயரைப் பூசைக்குக் கொடுக்கப் போனவன், அவள் பெயரையும் சேர்த்துக் கொடுத்தேன். ஓர் ஆன்மாவைப் பூசை இல்லாமல் விடுவது பாவம் அல்லவா? பெயர்களைப் பீடத்தில் உரக்க வாசிப்பார்கள் என்று தெரியும். நிம்மி பெங்களூரிலிருந்து சொல்லாமல் வந்து என் பக்கத்தில் உட்காருவாள் என்பதுதான் தெரியாது.

"டாடி, செலின் அத்தை பேர் யாக்கே... ஏன் வந்துச்சு? இது செத்தவங்க பேர்தானே?"

பூசையில் பேசக் கூடாது என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வெளியே போய் உங்களுக்குப் போன் செய்தாள்.

அக்காமேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. நான் அவளைத் தள்ளிவிடவில்லை. கலவை காத்திருக்காது, அவ்வளவுதான்.

கிணற்றைத் தோண்ட ஆள் அனுப்புவீர்கள். அனுப்புங்கள். ஹால் வழியாக மட்டும் வேண்டாம், சார். பின்பக்கமாகச் சுற்றிப் போகச் சொல்லுங்கள்.