ஈயத்தை எங்கே கட்டுவது

— பாக்கெட்லயே போட்டுரலாங்க. ஆள தண்ணிக்கடியில நிறுத்துற ஈயக்கட்டிய டைவ் ஜாக்கெட்டுல ரெண்டு பக்கமும் சொருவினா வேலை முடிஞ்சுது. அந்த பெல்ட்ட ஓரமா வைங்க.

— ரேணு, நான் ஒண்ணு கேக்குறேன். இன்னைக்கு கீழ முங்குற ரெண்டு பேரும் மீன் பாக்கவா போறாங்க, வலை அறுக்கவா?

— பாறையில சிக்கிக் கெடக்குற பழைய வலைய அறுக்கத்தான். அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?

— இருக்குது. மீன் பாக்கப் போறவனுக்கு பாக்கெட்டுதான் சொகம். இடுப்பு வலிக்காது, கீழ நழுவாது. நானே சொல்வேன். வலை அறுக்கப் போறவனுக்கு இடுப்புலதான் ஈயம் இருக்கணும்.

— டைவ் சொல்லிக் குடுக்குறது நானு. போட் ஓட்டுறது நீங்க. ஞாபகம் இருக்கட்டும்.

— இருக்குதும்மா. ரேணுகா டீச்சரு, ராஜவேல் டிரைவரு. மரக்காணம் உப்பளத்துல வண்டி ஓட்டுறவன்கூட அப்படித்தான் சொல்றான். ஆனா நீ கோர்ஸ் படிச்சப்ப பக்கத்து சீட்டுல உக்காந்து படிச்சவன் நான்.

— படிச்ச ஆளு பெல்ட்டுக்கு வக்காலத்து வாங்கலாமா? உங்கள கொல்லப் பாத்தது எதுங்க? இந்த பெல்ட்டுதான.

— கொல்லல்லாம் பாக்கல.

— தண்ணில அமுக்கி விட்ட தேங்கா மாதிரி மேல வந்தீங்க. காதுல ரத்தம். ஜவ்வு கிழிஞ்சுதுன்னு டாக்டர் சொன்னாரு. ஆஸ்பத்திரி போற வரைக்கும் என் துப்பட்டாவ வெச்சு அமுக்கிட்டு வந்தேன். நீங்க வண்டில உக்காந்துகினு, ஒண்ணுமில்ல ரேணு, ஒண்ணுமில்ல ரேணுன்னு கத்திகினு வந்தீங்க. காது கேக்கல, அதான் கத்துனீங்க.

— அது பெல்ட்டு செஞ்ச தப்பு இல்ல. ஆழத்துக்குப் போனா நம்ம ரப்பர் சூட்டு அமுங்குது. சூட்டு அமுங்கினா இடுப்பு சிறுக்குது. பெல்ட்டு லூசாவுது. கீழ போனதும் ஒரு இழு இழுத்து டைட் பண்ணணும். நான் பண்ணல. பக்கிளு எங்கியோ மாட்டித் தொறந்துகிச்சு, பெல்ட்டு ஈயத்தோட கழண்டு போச்சு.

— அதான் சொல்றேன். பாக்கெட்டுல இருந்தா இந்த வம்பே இல்ல. சூட்டு சிறுத்தா இன்னா, பெருத்தா இன்னா. ஈயம் ஜாக்கெட்டோட இருக்குது. ஆபத்துன்னா கைப்பிடிய இழுத்தா கழண்டு விழுந்துடும்.

— சரி. இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். போன ஞாயித்துக்கெழம பாறைக்கிட்ட உனக்கு இன்னா ஆச்சு?

— இன்னா ஆச்சு? ரெண்டு மூட்டை வலை எடுத்தோம். செத்த ஆமைய மேல கொண்டாந்தோம். நீங்கதான தூக்கி போட்டுல போட்டீங்க.

— அதுக்கு முன்னால.

— ஒண்ணும் ஆவலீங்க.

— உன் முதுகுல இருந்த காத்து பாட்டில் தலையில வலை மாட்டிகிச்சு.

— யாரு சொன்னா? கூட முங்குன சிலம்பரசனா?

— அவனா வந்து சொல்லல. நான் கேட்டேன். மேல இருந்து பாத்தா ரெண்டு எடத்துல காத்துக் குமிழி வரும். ஒண்ணு உனுது, ஒண்ணு அவனுது. அன்னைக்கு உன் குமிழி கொஞ்ச நேரம் கொத்துக்கொத்தா வந்துது. பயந்தவ மூச்சு அது. கரைக்கு வந்து அவன டீக்கடைக்குக் கூட்டினு போயி கேட்டேன். அழுதுட்டான்.

— பாவம், புது ஆளு. கூனிமேடு குப்பத்துப் பையன், கடல் தெரியும், போட்டு நல்லா ஓட்டுவான். அடியில போய் இது மூணாவது தடவ. கையும் ஓடல, காலும் ஓடல அவனுக்கு.

— அவன நான் கொற சொல்லல. நீ இன்னா பண்ண, அத சொல்லு.

— வேணாங்க.

— சொல்லு ரேணு.

— கைய பின்னால விட்டு அறுக்கப் பாத்தேன். எட்டல. சரி, பாட்டிலோட ஜாக்கெட்ட கழட்டி முன்னால கொண்டாந்து அறுக்கலாம்னு ஒரு தோள உருவுனேன். சொல்லிக் குடுக்குற பாடந்தான. எத்தினி பேருக்கு நீச்சல் குளத்துல செஞ்சு காமிச்சிருக்கேன்.

— ம்.

— ரெண்டாவது தோளையும் உருவுனதும் என் உடம்பு மேல போவுது. ஜாக்கெட்டு கீழ போவுது. ஈயம் எல்லாம் அதுலதான இருக்குது. நடுவுல ஒரே ஒரு காத்துக் குழா. அத பல்லால கடிச்சிகினு, கால் மேல, தல கீழன்னு தொங்கிகினு அறுத்தேன். ஒரு கைல ஜாக்கெட்டு, ஒரு கைல கத்தி.

— இத என்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணல.

— சொன்னா போகாதம்பீங்க.

— நான் என்னைக்காவது போகாதன்னு சொல்லியிருக்கனா?

— சொன்னதில்ல. சொல்லிடுவீங்களோன்னு பயம். இப்ப ஆமை முட்டை வைக்க வர்ற மாசம். அந்தப் பாறைய சுத்தி இன்னும் பாதி வலை கெடக்குது. அதுல மாட்டுனா மூச்சு எடுக்க மேல வர முடியாது. நேத்து காலைல ஒண்ணு செத்து ஒதுங்குச்சு பாத்தீங்கல்ல. வயித்துல முட்டையோட.

— பாத்தேன்.

— அப்ப நிறுத்த முடியாது. எனக்கு.

— நிறுத்த சொல்லல. ஈயத்த எங்க கட்டுறதுன்னுதான் பேசிகினு இருக்கோம். இடுப்புல இருந்திருந்தா ஜாக்கெட்ட கழட்டினாலும் நீ நின்ன எடத்துல நின்னிருப்ப. மடியில வெச்சு கத்திரிக்கா அரியுற மாதிரி வலைய அறுத்துட்டு, திரும்ப மாட்டியிருப்ப.

— சரிங்க. அது நெசம்தான். ஆனா லூசாவுறதுக்கு இன்னா பதிலு? கீழ போயி வலை அறுக்குற அவசரத்துல சிலம்பரசனும் டைட் பண்ண மறந்தா?

— இத புடி.

— இன்னா இது, டியூப் மாதிரி இருக்குது?

— ரப்பர் பெல்ட்டு. மூச்சடக்கி முங்குறவங்க கட்டுறது. ஆரோவில் பக்கம் ஒருத்தர்கிட்ட சொல்லி வாங்குனேன். நல்லா இழுத்து கட்டிட்டா, சூட்டு அமுங்கும்போது இதுவும் சேந்து சுருங்கும். இழுத்துப் பாரு.

— நல்லா இழுக்குது. பக்கிளும் கெட்டியா இருக்குது. எனக்கும் ஒண்ணு இருக்குதா?

— ரெண்டு வாங்குனேன்.

— எல்லா ஈயமும் இடுப்புல வெச்சா எனக்கு நடு முதுகு போயிடுங்க. நம்ம பொம்பளைங்க உப்புக் கூடைய தலையில சொமக்குறாங்களே, இடுப்புல கட்டிகினு சொமக்குறாங்களா?

— பெரும்பங்கு பெல்ட்டுல. மிச்சம் பாக்கெட்டுக்கு ஒண்ணு ஒண்ணு. உன் முதுகும் பொழைக்கும், ஜாக்கெட்ட கழட்டினா ஆளும் பறக்க மாட்ட.

— இத முதல்லயே சொல்றதுக்கு இன்னா? பெல்ட்டு பெல்ட்டுன்னே நின்னீங்க.

— நீ பாக்கெட்டு பாக்கெட்டுன்னு நின்னியே.

— சரி, ஒத்துக்குறேன். எனக்கு கட்டி விடுங்க. ம், இன்னும் டைட்டா. வலது கைல இழுத்தா தொறக்குதா பாப்போம். தொறக்குது. நல்லா இருக்குது.

— இப்ப இன்னொண்ணுல ஈயத்த கோக்கணும். அத இப்படி தள்ளு.

— இவ்ளோ கட்டியா? சிலம்பரசன் ஒல்லிங்க. இத்தன போட்டா அடியில கல்லு மாதிரி உக்காந்துடுவான்.

— இருக்கட்டும். உப்புத் தண்ணி தூக்கும்.

— பெல்ட்டும் நீளமா இருக்குது அவனுக்கு.

— இருக்கட்டும்மா.

— ஒண்ணு கேக்கட்டுமா? கோச்சுக்கக் கூடாது.

— கேளு.

— காது ஆறிடுச்சு, தாராளமா முங்கலாம்னு டாக்டர் பொங்கலுக்கே சொல்லிட்டாரு. நீங்களும் போறேன்னு சொல்லல, நானும் வாங்கன்னு கூப்புடல. போட்டுல ஒரு ஆளு வேணும்னு சொல்லிகினே மாசம் ஓடிப்போச்சு. எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. மேல நீங்க இருக்குறது தெரிஞ்சாலே எனக்கு கீழ தைரியம். ஆனா என் குமிழிய எண்ணிகினு உக்காந்திருக்கீங்க பாருங்க, அதுல நீங்க படுற பாடு கீழ இருக்குற எனக்கு இல்ல.

— உனக்கு எப்படித் தெரியும்?

— மேல வந்து கைய குடுத்தா, உங்க கை சில்லுனு இருக்குதுங்க. வெயில்ல உக்காந்திருந்த ஆளு கை.

— ம்.

— கோச்சுக்காதீங்க.

— கோவம் இல்ல. ஒரு மாசமா ராத்திரி தூக்கத்துல அந்த பக்கிளு தொறந்துகினே இருந்துது. ஞாயித்துக்கெழம அவன் டீக்கடையில அழுதான் பாரு, அன்னையில இருந்து அந்தக் கனா வர்றதில்ல. வேற கனா வருது. அதுல நீ தொங்கிகினு இருக்குற.

— சும்மா இருங்க. அதான் பெல்ட்டு கட்டியாச்சுல்ல. அவனுக்கு போன் போடுங்க. தண்ணி இப்பதான் தெளிஞ்சு இருக்குது. காத்து எழும்பிட்டா கலங்கிடும்.

— போன் வேணாம். வந்துகினு இருக்கான் பாரு, சவுக்குத் தோப்புகிட்ட.

— ஆமா. இன்னாங்க இது, சூட்டு போடல, கால் துடுப்பு எடுத்துனு வரல. கைல டீசல் கேனும் தலையில துண்டுமா வர்றான்?

— அவன் இன்னைக்கு போட்டு ஓட்ட வர்றான் ரேணு. அந்த பெல்ட்ட என் இடுப்புல கட்டி விடு.