பலகை மேல் நின்ற தண்ணீர்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு தச்சரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மனைவியிடம் போனை நீட்டினார்.

"பாரு, நான் போட்ட பலகையில காக்கா குளிச்சிக்கினு இருக்குது. அந்த வூட்டம்மா போட்டோ அனுப்பிக்கிறாங்க."

ஒரு வீட்டு மொட்டைமாடியில், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகைகளைப் பதித்திருக்கிறார். அதன்மேல் தண்ணீர் தேங்கி நிற்கிறது.

"தண்ணி எறங்க நடுவுல சந்து உட்டியா?"

"சந்து தெரிஞ்சா அது ஒரு வேலையா? முடி நுழையாது."

"பலகையோட ஒரு பேப்பர் வந்துச்சே, அதுல இன்னா போட்டிருந்துச்சு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சந்து உடணும்னுதான்."

"அப்ப போன் பண்ணிச் சொல்லு."

"சொன்னா மறுபடி வேலைக்குக் கூப்புடுவாங்களா?"

"சொல்லலன்னா கூப்புடுவாங்களா?"

முண்டியம்பாக்கம் தாண்டியதும் போன் செய்தார். "அம்மா, தப்பு என்னுதுதாங்க. கழட்டித் திரும்பப் போட்டுத் தர்றேன்."

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், போனைக் கையால் மூடிக்கொண்டார்.

"செடிக்கு அந்தம்மா ஊத்துற தண்ணிதான் தேங்குதுன்னு அவங்க வூட்டுக்காரர் தெனமும் திட்றாராம். ஸ்பீக்கர்ல போடறேன், அவருக்கும் கேக்கறாப்புல சொல்லுன்றாங்க."

"சொல்லு."

"பஸ்ல இவ்ளோ பேரு இருக்காங்க."

"அதுக்கின்னா? எழுந்து நின்னு சொல்லு."

அவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அம்மா மேல தப்பில்லீங்க. நான்தான் பலகையைத் தப்பாப் போட்டுட்டேன்."

சாருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னும் சத்தமாகச் சொன்னார். மூன்றாவது முறை சொன்னபோது பஸ்ஸில் வேறு யாருமே பேசவில்லை.

"இப்ப கேட்டுச்சாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.