படகு நகர்ந்துகொண்டுதான் இருந்தது

நண்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது என்றால் பழவேற்காட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு ஒரு துண்டு தின்றாலே உடம்பெல்லாம் தடித்துவிடும். அதனால் சரக்குப் பக்கம் போகாமல் மாடி அறையில் கம்ப்யூட்டரோடு இருந்தேன். நடந்ததை நிதானமாக எழுதித் தரச் சொன்னீர்கள், சார். நிதானம் எனக்குப் பழக்கம்தான்.

எங்களுக்கு நண்டு கொடுக்கும் படகுகளில் ஜி.பி.எஸ். பெட்டி கட்டியிருந்தோம். எந்தப் படகு எங்கே வலை விடுகிறது, எவ்வளவு வரும், கரைக்கு எவ்வளவு ஐஸ் அனுப்புவது என்று அந்தத் தகவலை வைத்துச் சொல்ல ஒரு கிளவுட் அனலிடிக்ஸ் தளம் வேண்டும் என்றார் முதலாளி சீனிவாசன். கடைசியில் இரண்டு தளங்கள் போட்டிக்கு நின்றன. ஒன்று அவருடைய மருமகன் மோகன்குமார் கொண்டுவந்தது. தகவல் வந்த நொடியே திரையில் காட்டும், கோளாறு என்றால் அலாரம் அடிக்கும். மற்றது நான் தேடிப் பிடித்தது. தகவலைச் சேர்த்து வைத்து, ஆற அமர அலசிச் சொல்லும்.

"உன்து கொறட்டை வுடுதுப்பா" என்று மோகன்குமார் எல்லோர் முன்னாலும் சொன்னான். முதலாளியும் சேர்ந்து சிரித்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் திரையில் ஓடவிட்டுப் பார்த்து அறிக்கை எழுதும் பொறுப்பு என்னிடம்தான் வந்தது. அறிக்கை எழுதுகிறவன் ஓரவஞ்சனை செய்யக் கூடாது. ஒன்றுக்குக் கொடுக்கிற வாய்ப்பை மற்றதற்கும் கொடுக்க வேண்டும்.

சம்பவம் நடந்த அன்று மதியம் மோகன்குமாரின் தளம் ஓடிய திரையில் அலாரம் அடித்தது. லைட்ஹவுஸ் குப்பத்துத் துளசிங்கத்தின் படகு. தம்பி லோகேஷைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். முகத்துவாரத்துக்கு வெளியே என்ஜின் நின்றுவிட்டது, படகு நீரோட்டத்தில் இழுபடுகிறது, ஆபத்து என்று சிவப்பில் காட்டியது. என் திரையில் ஒன்றுமில்லை. அலாரத்தின் சத்தத்தை நிறுத்தினேன். அந்தச் சத்தத்தில் எதையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

குப்பத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு படகு திரும்பவில்லை என்றால் மற்ற படகு எதுவும் கரையில் நிற்காது. ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் தேடப் போவார்கள். டீசல் யாருடையது என்று யாரும் கேட்க மாட்டார்கள். பெட்டி வந்த பிறகு புதிதாக ஒரு பழக்கம் சேர்ந்திருந்தது. கிளம்புவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்து கேட்பார்கள்.

துளசிங்கத்தின் மனைவி தேவகி கூப்பிட்டாள்.

"அண்ணா, காத்து மாறிப்போச்சு. எல்லாரும் வந்துட்டாங்கோ, இவரு மட்டும் இன்னும் காணோம். பொட்டில இன்னா காட்டுதுணா?"

"படகு நகர்ந்துக்கிட்டுதாம்மா இருக்கு" என்றேன்.

"நகருதா? அப்போ வலை வாங்கிக்கினு இருக்காரு போல. இங்க படகெல்லாம் தள்ளிக்கினு இருக்காங்கோ. வேணாம்னு சொல்லிடட்டா?"

"சொல்லிடும்மா."

இதில் நான் சொன்ன பொய் எது என்று நீங்கள் எனக்குக் காட்ட வேண்டும். படகு நகர்ந்துகொண்டுதான் இருந்தது. தேவகி மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. தங்கமான பெண். என்னை நம்பித்தான் ஆட்களைத் திருப்பி அனுப்பினாள்.

பொழுது சாயும் நேரத்தில் என் தளம் பேசியது. துளசிங்கத்தின் படகு மெதுவாகப் போவதால் நல்ல இடத்தில் வலை போட்டிருக்கிறது, நண்டு அதிகம் வரும், கூடுதலாக ஐஸ் அனுப்பவும் என்றது. எனக்கு ஏமாற்றம்தான். இருந்தாலும் ஐஸ் வண்டியை அனுப்பிவைத்தேன். மறுநாள் காலையில் துளசிங்கத்தின் உடம்பு கரை ஒதுங்கியபோது அந்த ஐஸ் உபயோகப்பட்டது.

லோகேஷை வேறு குப்பத்துப் படகு தூக்கி வந்தது. ஆஸ்பத்திரியில் அவன் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். "படகு முழுகிப்போச்சு. நான் காலி டீசல் கேனைப் புட்சிக்கினேன். அண்ணன் மட்டும் பொட்டி கட்டின மூங்கிலைப் புடுங்கி, ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிப் புட்சிக்கினே இருந்தாரு. ஆபீஸ்ல பாத்துக்கினு இருப்பாங்கடா, பொட்டி நனையக் கூடாதுன்னாரு. கேனைப் புடிணான்னு கத்தனேன். கேக்கவே இல்ல."

முழுகிய படகிலிருந்து தகவல் எப்படி இவ்வளவு நேரம் விடாமல் வந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அது அப்போதுதான் தீர்ந்தது. லோகேஷின் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

நான் எதையும் மறைக்கவில்லை, சார். அலாரம் அடித்தபோதே அவர்கள் முழுகப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குப்பமே போய் இரண்டு பேரையும் உயிரோடு கொண்டுவந்திருக்கும். காப்பாற்றியது மோகன்குமாரின் தளம் என்று ஊரெல்லாம் பேச்சாகியிருக்கும். அதனால்தான் என் தளமும் சொல்லட்டும் என்று காத்திருந்தேன், துளசிங்கம் செத்தார். அறிக்கையை முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். சிபாரிசு செய்திருப்பது என் தளத்தைத்தான். மற்றது வெறுமனே அலாரம் அடிக்கிறது என்று எழுதியிருக்கிறேன். அன்று அது அடித்த அலாரத்தால் யாருக்கும் ஒரு பயனும் இருக்கவில்லை என்பதை நீங்களே விசாரித்துப் பார்க்கலாம்.